இடது முழங்கை உயர வேண்டுமா?

சித்திரை பிறந்து பள்ளிகளுக்கு விடுமுறை விட்டவுடன், சென்னையிலும் கோயம்புத்தூரிலும் மதுரையிலும் சேலத்திலும் காலியாகக் கிடக்கும் மைதானங்களில் எல்லாம் வலை கட்டிக் கிரிக்கெட் முகாம்கள் தொடங்கிவிடுகின்றன. காலை ஆறு மணிக்கெல்லாம் வெள்ளை உடுத்த எட்டு வயதுப் பிள்ளைகள் வரிசையாக நின்று, எதிரே பந்து எதுவும் வராத வெறும் வெளியில், இடது காலை முன்னே வைத்து, இடது முழங்கையை உயர்த்தி, மட்டையை நேராக இறக்கி, பயிற்சியாளர் மறுவார்த்தை சொல்லும் வரையில் அந்த நிலையிலேயே சிலைபோல் நிற்பதை அங்கே போகிறவர் எவரும் பார்க்கலாம். வேலிக்கு வெளியே நிற்கும் பெற்றோருக்கு அந்தக் காட்சி மனநிறைவைத் தருகிறது. ‘பேஸிக்ஸ் நன்றாகப் போடுகிறார்கள்’ என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டு, அவர்கள் நிம்மதியாக வீடு திரும்புகிறார்கள்.

அந்த நிம்மதிக்கு அடியில் ஒரு சித்தாந்தம் இருக்கிறது. கிரிக்கெட்டின் அடிப்படை என்பது உடம்பின் ஒரு குறிப்பிட்ட தோற்றமே; அந்தத் தோற்றம் எல்லோருக்கும் பொதுவானது; சிறு வயதிலேயே பிள்ளையின் கைகால்களை அதற்கு ஏற்றவாறு வளைத்துவிட வேண்டும்; வளைக்காமல் விட்டால் பின்னர் எந்நாளும் திருத்த முடியாது என்பது அந்தச் சித்தாந்தம். பயிற்சியாளர்கள் மட்டுமன்றித் தேர்வாளர்களும், வருணனையாளர்களும், மாலையில் பார்க் பெஞ்சியில் அமர்ந்து ஆட்டம் பேசுகிற பெரியவர்களும் இதனை ஒரே குரலில் ஒப்புக்கொண்டுவிட்டபடியால், இதற்கு மாறாகப் பேசுகிறவன் ஆட்டம் அறியாதவன் என்றோ, இருபது ஓவர் பந்தயங்களின் ஆரவாரத்தில் மதி மயங்கியவன் என்றோ எண்ணப்படுகிறான். நான் அவ்விருவரில் எவனும் அல்லன். அடிப்படை வேண்டாம் என்று சொல்வது என் கட்சியன்று. அடிப்படை என்ற பெயரால் நம் பிள்ளைகளுக்குக் கற்பிக்கப்படுவது அடிப்படையே அன்று என்பதே என் கட்சி.

விஷயத்தை அதன் வேரிலிருந்து பார்ப்போம். மட்டையை நேராகப் பிடித்து ஆடவேண்டும் என்ற விதி எங்கிருந்து வந்தது? மணிக்கு 130 கிலோமீட்டர் வேகத்தில் எறியப்படும் பந்து, வீசியவனின் கையை விட்டு ஆடுகிறவனை அடைய ஏறத்தாழ அரை வினாடி ஆகிறது. அந்த அரை வினாடியிலும் பிற்பகுதியில்தான் பந்து தரையில் விழுந்து எழும்புகிறது. காலடிக்கு அருகில் விழும் பந்து அரை அடி எழும்புமா, ஒன்றரை அடி எழும்புமா என்பதைக் கண்டு தெளிந்து கையை மாற்றிக்கொள்ள மனிதனுக்கு அவகாசம் கிடையாது. ஆகவே எழும்பும் உயரத்தைப் பற்றிய அவனுடைய கணக்கு பிழையாகத்தான் இருக்கும். மட்டையின் அகலம் 4¼ அங்குலத்திற்கு மேற்படலாகாது என்பது ஆட்ட விதி. அடிக்கும் பாகத்தின் நீளமோ அந்த அகலத்தைப்போல் ஐந்து மடங்கு. மட்டை நிமிர்ந்து நின்றால் அந்த ஐந்து மடங்கு நீளம் முழுவதும் உயரக் கணக்கில் நேரும் பிழையைத் தாங்கிக்கொள்கிறது. படுத்தால் 4¼ அங்குலம் மட்டுமே தாங்குகிறது. இது மட்டுமா? பந்து வரும் கோட்டிலேயே மட்டையும் செல்லுமானால், ஒரு கணம் முந்தினாலும் பிந்தினாலும் பந்து மட்டையில் பட்டே தீரும். குறுக்கே வீசப்படும் மட்டையோ பந்தின் பாதையை ஒரே ஒரு புள்ளியில் வெட்டுகிறது, அந்தப் புள்ளியைத் தவறவிட்டால் எல்லாம் தவறிவிடுகிறது. நேர்மட்டையின் தத்துவம் இதுதான். மனிதக் கண்ணும் கையும் பிழை செய்யும் என்பதை முன்கூட்டியே ஒப்புக்கொண்டு, அந்தப் பிழைக்கு இடம் வைத்து ஆடுகிற விவேகம் அது.

காரணம் தெரிந்துவிட்டால், விதிக்கு எல்லை எங்கே என்பதும் கூடவே தெரிந்துவிடுகிறது. எட்டத்தில் விழும் குறுகிய பந்து எழும்பிய பிறகு நம்மை வந்தடையச் சற்று அவகாசம் இருக்கிறது. அதன் உயரம் கண்ணுக்குத் தெரிந்துவிடுகிறது. அப்போது உயரத்தைப் பற்றி ஐயமில்லாததால் மட்டையைப் படுக்க வைத்து ‘கட்’ செய்யலாம், ‘புல்’ செய்யலாம். எஞ்சியிருக்கும் ஐயம் பந்து வரும் திசையைப் பற்றியது, அதனைப் படுத்த மட்டையின் நீளம் தாங்கிக்கொள்ளும். நேர்மட்டையும் குறுக்குமட்டையும் ஒன்றுக்கொன்று விரோதிகள் என்று எண்ணியிருந்தவன், இரண்டும் ஒரே தத்துவத்தின் பிள்ளைகள் என்பதைக் கண்டுகொள்கிறான். இதைப் பத்து வயதுப் பிள்ளைக்கும் ஒரு மட்டையையும் ஒரு பந்தையும் வைத்துக்கொண்டு ஐந்து நிமிடத்தில் விளக்கிவிடலாம். நான் போய்ப் பார்த்த முகாம்களில் ஒருவரும் விளக்கிக் கேட்டதில்லை. ‘நேரா ஆடு, நேரா ஆடு’ என்ற கட்டளை மட்டும் காலை முழுவதும் ஒலித்துக்கொண்டிருக்கிறது.

இடது முழங்கைக்கு வருகிறேன். வலக்கை ஆட்டக்காரன் ஒருவன் பந்தின் கோட்டிலேயே மட்டையைச் செலுத்தி முன்னே தள்ளும்போது, மேலே பிடித்த இடது கை மட்டையை வழிநடத்துவதால் இடது முழங்கை தானாக மேலே எழும்புகிறது. நேராகச் சென்ற மட்டை காரணம், உயர்ந்த முழங்கை காரியம். புகைப்படத்தில் இரண்டும் ஒருங்கே தெரிகின்றன. எது முந்தியது, எது பிந்தியது என்பதைப் படம் சொல்லாது. படத்தைப் பார்த்துக் கற்பிக்கிறவர் காரியத்தைக் காரணமாக எடுத்துக்கொள்கிறார். குடை விரிந்திருப்பதைக் கண்டு மழை பெய்கிறதென்று அறிந்துகொள்ளலாம். மழை வேண்டுமென்று குடையை விரிக்கலாகாது. முழங்கையை உயர்த்து என்று ஒரு பிள்ளைக்குச் சொன்னால் அவன் தோளை இறுக்குகிறான். தோள் இறுகியதும் மணிக்கட்டு விறைக்கிறது. மட்டையின் முகம் திறந்துகொள்கிறது. பந்து விளிம்பில் பட்டு ‘ஸ்லிப்’ பக்கம் போகிறது. ‘இன்னும் உயர்த்து’ என்கிறார் பயிற்சியாளர். பிள்ளையின் கவனம் பந்தை விட்டுத் தன் முழங்கையின் மேல் போய்விட்டது என்பதை அவர் கவனிப்பதில்லை.

இந்தத் தோற்ற வழிபாடு எப்படி வந்தது என்பதும் ஊகிக்கக் கூடியதே. லண்டன் எம்.சி.சி. சங்கம் 1952-ஆம் ஆண்டில் வெளியிட்ட பயிற்சிப் புத்தகமும் அதன் வழியில் வந்த நூல்களும் சிரத்தையோடு எழுதப்பட்டவை; அவற்றை இகழ்வது என் நோக்கமன்று. ஆனால் அவை ஆடுகளத்தை மழைக்கு மூடாமல் விட்டிருந்த ஒரு தேசத்தில், ஈரப்பதமான மண்ணில், தாழ எழும்பி ஊசலாடிச் செல்லும் பந்தை எதிர்த்து ஆடிய தேர்ந்த மனிதர்களைப் பார்த்து எழுதப்பட்டவை. இலக்கியத்தைப் பார்த்தே இலக்கணம் வகுக்கப்பட்டது என்பதைத் தமிழருக்குச் சொல்லித் தரவேண்டியதில்லை. நம் பிள்ளைகளோ காய்ந்த களிமண்ணிலும், கயிற்றுப்பாய் விரித்த தரையிலும், சிமெண்டுத் தளத்திலும் ஆடி வளர்கிறார்கள். அங்கே பந்து மார்புவரை எழும்புகிறது. அங்கே பின்காலில் நின்று குறுக்குமட்டையால் ஆடுவதே பல சமயம் உசிதமானது. வேறொரு மண்ணின் இலக்கியத்திற்கு எழுதிய இலக்கணத்தை இங்கே பாராயணம் செய்வித்துவிட்டு, பேச்சு வரவில்லையே என்று பிள்ளையை நொந்துகொள்கிறோம்.

சரித்திரம் இந்தச் சித்தாந்தத்தை எப்படி நடத்தியிருக்கிறது என்பதற்கு ஒரு சம்பவம் போதும். 1928-29 பருவத்தில் இங்கிலாந்து அணியின் ஆஸ்திரேலியச் சுற்றுப்பயணத்தைப் பற்றி எழுதுவதற்காகச் சென்றிருந்த சர்ரே அணித் தலைவர் பெர்ஸி ஃபெண்டர், அங்கே இருபது வயதே நிரம்பியிருந்த டொனால்ட் பிராட்மனைப் பார்த்தார். அந்த இளைஞன் மட்டையைப் பிடித்த பிடி வேறு. இரண்டு கைகளையும் உள்நோக்கித் திருப்பி வைத்திருந்தான். மட்டையைப் பின்னே தூக்கும்போது அது ஸ்டம்புக்கு நேரே போகாமல் ‘ஸ்லிப்’ திசையில் விலகிச் சென்றது. ஃபெண்டர் ஆட்டத்தை ஆழ்ந்து அறிந்தவர், சிறந்த அணித் தலைவர் என்று பெயர் பெற்றவர். அப்படிப்பட்டவரே அந்தத் தோற்றத்தைக் கண்டு, இந்த முறை இங்கிலாந்தின் ஆடுகளங்களில் நிலைக்காது என்று கருத்துத் தெரிவித்தார். 1930-இல் பிராட்மன் இங்கிலாந்துக்கு வந்தார். ஃபெண்டர் தலைமை தாங்கிய சர்ரே அணிக்கு எதிராக ஓவல் மைதானத்தில் ஆட்டமிழக்காமல் 252 ஓட்டங்கள் எடுத்தார். ஐந்து டெஸ்டுகளில் 974 ஓட்டங்கள் குவித்தார். அந்தத் தொகையை ஒரே தொடரில் இன்றுவரை எவரும் எட்டவில்லை.

அந்தப் பிடியும் அந்தத் தூக்கும் எங்கே பிறந்தன? பௌரல் என்ற சிற்றூரில், வீட்டின் பின்புறத்தில், செங்கல் மேடையின்மேல் நின்ற தண்ணீர்த் தொட்டியின் அருகே பிறந்தன. கோல்ஃப் பந்து ஒன்றை அந்தச் செங்கல் மேடையில் எறிந்து, அது எங்கே தெறித்து வரும் என்று தெரியாத வேகத்தில் திரும்பி வருகையில், மட்டைக்குப் பதில் கிரிக்கெட் ஸ்டம்பு ஒன்றினால் அதை அடிப்பது அந்தச் சிறுவனின் பொழுதுபோக்கு. உருண்டையான ஸ்டம்பினால் சிறு பந்தை அடிப்பவன் தன் முழங்கை எங்கே இருக்கிறதென்று யோசிக்க முடியுமா? பிரச்சினை அவன் முன்னே இருந்தது. பிரச்சினைக்கு அவன் உடம்பு ஒரு விடையைக் கண்டுபிடித்தது. கையைப் பிடித்துத் திருத்த அருகில் ஒருவரும் இல்லாதது உலகத்தின் பாக்கியம். 52 டெஸ்டுகளில் 99.94 சராசரி என்பது அந்த விடையின் மதிப்பு.

நம் நாட்டு உதாரணம் இன்னும் பழையது. ரஞ்சித்சிங்ஜி கேம்பிரிட்ஜில் மாணவராக இருந்தபோது, வேகமான பந்தைக் கண்டால் வலது கால் விலகிப் போகும் வழக்கத்தைத் தடுப்பதற்காக அவருடைய அந்தக் காலைத் தரையோடு கட்டிவைத்துப் பயிற்சி கொடுத்தார்கள் என்றும், கட்டுண்ட காலோடு உடம்பை எங்கும் நகர்த்த வழியில்லாத அந்த நிலையில்தான், இடது காலைக் குறுக்கே வைத்து மணிக்கட்டை ஒரு சுழற்றுச் சுழற்றிப் பந்தை உடம்புக்குப் பின்னால் அனுப்பும் ‘லெக் கிளான்ஸ்’ பிறந்ததென்றும் சொல்லப்படுகிறது. கதையின் ஒவ்வொரு நுணுக்கத்துக்கும் நான் பொறுப்பேற்கவில்லை; ஆனால் அது காட்டும் விஷயம் எனக்கு முக்கியமாகப் படுகிறது. பயிற்சியாளர் கற்பிக்க நினைத்தது ஒன்று. மாணவன் கற்றுக்கொண்டது வேறொன்று. எந்தப் புத்தகத்திலும் இல்லாதிருந்த அந்த அடி, பின்னர் எல்லாப் புத்தகங்களிலும் ஓர் அத்தியாயமாக ஏறிவிட்டது. இன்று ஒரு முகாமில் ஒரு பையன் எந்தப் புத்தகத்திலும் இல்லாத ஓர் அடியை அடித்தால், அவனுக்கு என்ன நேரும் என்பதை வாசகர்கள் அறிவார்கள்.

இந்த இடத்தில் எதிர்க்கட்சியார் தங்கள் பலமான வாதத்தைக் கொண்டுவருவார்கள். பிராட்மனும் ரஞ்சியும் மேதைகள். மேதைகளுக்கு விதி கிடையாது. சாமானியனுக்கு விதியே துணை என்பது அந்தப் பூர்வபட்சம். கேட்பதற்கு நியாயமாக இருக்கும் இவ்வாதத்தில் இரண்டு பிழைகள் உள்ளன. முதலாவது, ‘விதிவிலக்கு’ என்று ஒதுக்கப்படுகிறவர்களின் வரிசை நீண்டுகொண்டே போகிறது. கயானாவின் சந்தர்பால், பந்துவீச்சாளரை நோக்கி நெஞ்சைத் திருப்பிக்கொண்டு, காலை அகல விரித்து நிற்பார்; 164 டெஸ்டுகளில் 11,867 ஓட்டங்கள் எடுத்தார். ஆஸ்திரேலியாவின் ஸ்டீவ் ஸ்மித் பந்து வருமுன்னரே ‘ஆஃப்’ பக்கமாக நகர்ந்து ஸ்டம்புகளை எல்லாம் காட்டுகிறார். 2008 மார்ச்சு மாதம் நம் சேப்பாக்கத்தில், ஸ்டெயினும் என்டினியும் மோர்க்கெலும் வீசிய பந்துகளைச் சந்தித்து வீரேந்திர சேவாக் 278 பந்துகளில் முந்நூறு கடந்து 319 எடுத்தபோது, அவருடைய கால்கள் நின்ற இடத்தை விட்டு அதிகம் அசையவில்லை. காலசைவு இல்லாதவன் தேறமாட்டான் என்று அவரைப் பற்றிப் பலகாலம் சொல்லிக்கொண்டிருந்தவர்கள் அவருடைய தலையைப் பார்க்க மறந்துவிட்டார்கள். பந்து மட்டையில் படும் கணம் வரையில் அந்தத் தலை அசையாமல் நின்றது, கண்கள் இரண்டும் சமமட்டத்தில் நின்றன. காலை நகர்த்தச் சொல்வதன் பிரயோசனமே தலையைப் பந்தின் கோட்டுக்குக் கொண்டுவந்து அங்கே நிலைக்கச் செய்வதுதான். அந்தப் பிரயோசனம் வேறொரு வழியில் கைகூடிவிட்ட ஒருவனிடம் வழியைக் காட்டி வம்பு செய்வதில் அர்த்தமில்லை.

இரண்டாவது பிழை இன்னும் கொடியது. விதியின்படி வளைக்கப்பட்டு, அதனால் தன் ஆட்டத்தை இழந்து, பதினைந்து வயதில் மட்டையை மூலையில் சாத்திவிட்டுப் போன சிறுவர்களை எவரும் கணக்கெடுப்பதில்லை. வளைத்ததில் பிழைத்தவனை ‘பார், விதி செய்த வேலை’ என்று காட்டுகிறோம். வளைக்காமல் வென்றவனை மேதை என்கிறோம். வளைத்ததால் ஒடிந்தவனை ‘திறமை போதாது’ என்கிறோம். எந்தப் பிரத்யட்சத்தாலும் பொய்யாக்க முடியாதபடி ஒரு சித்தாந்தத்தைச் சுற்றிச் சுவர் கட்டிவிட்டால், அதன் பெயர் சாஸ்திரம் ஆகாது.

சாஸ்திரோக்தமாக ஆடியவர்கள் என்று நாம் கொண்டாடுகிறவர்களாவது ஒருவரைப்போல் ஒருவர் ஆடினார்களா? சுனில் கவாஸ்கரும் குண்டப்பா விஸ்வநாத்தும் ஒரே காலத்தவர், மைத்துனர்கள், ஏறத்தாழ ஒரே உயரம். கவாஸ்கர் பந்தைத் தன் கண்ணுக்குக் கீழே வரவிட்டு, தாமதித்து, நேராக இறக்கினார். விஸ்வநாத் அதே பந்தை மணிக்கட்டால் தடவி ‘ஸ்கொயர் கட்’ செய்தார். சங்கீதத்தில் சுருதியும் லயமும் தவறலாகாது என்று கண்டிப்பாயிருக்கும் குருநாதர், சிஷ்யனின் சாரீரத்தைத் தம் சாரீரமாக்க முயல்வதில்லை. முயன்றால் தொண்டை கெட்டுப்போகும் என்பது நம் சங்கீத உலகம் நன்கறிந்த செய்தி. கிரிக்கெட்டுக்கும் ஒரு சுருதி உண்டு, ஒரு லயம் உண்டு. அசையாத தலை, பந்தைக் கடைசிவரை வரவிடும் பொறுமை, சமநிலை இழக்காத உடம்பு என்று அவற்றைச் சொல்லலாம். மற்றவை சாரீரம்.

பந்துவீச்சில் இந்தத் தவறு இன்னும் கொடிய பலன்களைத் தருகிறது. ஏனெனில் அங்கே வளைக்கப்படுவது முதுகெலும்பு. இங்கிலாந்தின் ஜேம்ஸ் ஆண்டர்சன் பந்தை விடும் கணத்தில் தலையைக் கீழே சாய்த்துத் தரையைப் பார்ப்பார். இலக்கைப் பார்க்காமல் வீசுகிறவன் எப்படி உருப்படுவான் என்பது புத்தகத்தின் கேள்வி. அந்த முறையில் வீசினால் உடம்புக்குக் காயம் வரும் என்று கருதி, 2003-இல் அவர் அறிமுகமானபின் சில ஆண்டுகளில் பயிற்சியாளர்கள் அவருடைய வீச்சை மாற்றியமைக்க முயன்றார்கள். பலன் என்னவென்றால், வேகமும் ஊசலும் குன்றின. 2006-இல் முதுகெலும்பிலேயே விரிசல் கண்டது. குணமடைந்து திரும்பியவர் தம் பழைய முறைக்கே மீண்டார். 2024-இல் லார்ட்ஸ் மைதானத்தில் விடைபெறும்போது 188 டெஸ்டுகளில் 704 விக்கெட்டுகள் அவர் பெயரில் இருந்தன. அந்தப் பயிற்சியாளர்கள் கெட்ட எண்ணத்தோடு செய்யவில்லை. நல்லெண்ணமே அவர்களை நடத்தியது. ஆயினும் எழுநூறு விக்கெட்டுகள் தொடங்குமுன்னரே முடிந்துபோயிருக்கக்கூடும் என்பதை நினைக்கையில் எனக்கு உடல் சிலிர்க்கிறது.

இலங்கையில் காலியை அடுத்த ரத்கமவில், கடற்கரை மணலில் டென்னிஸ் பந்து வீசிப் பழகிய லசித் மாலிங்கவின் கை, தோளுக்கு மேலே உயராமல் கிட்டத்தட்டப் படுக்கையாகவே சுழன்றது. அவரை வளர்த்தெடுத்த முன்னாள் வேகப்பந்து வீச்சாளர் சம்பக ராமநாயக்க அந்தக் கையை நிமிர்த்த முற்படவில்லை. 2007 உலகக் கோப்பையில் தென்னாப்பிரிக்காவுக்கு எதிராகத் தொடர்ந்து நான்கு பந்துகளில் நான்கு விக்கெட்டுகள் விழுந்தது அந்தப் படுத்த கையால்தான். நம்மவரான பகவத் சந்திரசேகரின் வலக்கையோ இளம்பிள்ளை வாதத்தால் சூம்பிப்போனது. எல்லையிலிருந்து பந்தை எறிவதற்கு அவர் இடக்கையைப் பயன்படுத்தினார், வீசுவதற்கோ அந்தச் சூம்பிய கையையே வைத்துக்கொண்டார். 1971-இல் ஓவலில் 38 ஓட்டங்களுக்கு ஆறு விக்கெட்டுகளை வீழ்த்தி இங்கிலாந்து மண்ணில் இந்தியாவின் முதல் வெற்றிக்கு வழி திறந்தது அந்தக் கை. இன்றைய முகாம் ஒன்றுக்கு அந்தச் சிறுவனை அழைத்துப் போயிருந்தால், ‘வேறு விளையாட்டு பாருங்கள்’ என்று கனிவோடு சொல்லி அனுப்பியிருப்பார்கள்.

இவ்வளவும் சொன்னதனால், எதையும் திருத்தவே கூடாது என்று நான் வாதிப்பதாக எவரும் கொள்ளவேண்டாம். திருத்தியே தீரவேண்டிய இடங்கள் உண்டு. அவை புத்தகத்துப் படத்தோடு ஒத்துப்போகாத இடங்கள் என்பதால் அல்ல. வேகமாக வீசும் இளைஞன் ஒருவனுடைய இடுப்பு ஒரு திசையையும் தோள் வேறொரு திசையையும் நோக்கி, வீசும்போது தோள் முறுக்கித் திரும்புமானால், கீழ்முதுகின் எலும்பில் விரிசல் காணும் அபாயம் அதிகம் என்பதை ஆஸ்திரேலிய ஆராய்ச்சிகள் நிலைநாட்டியிருக்கின்றன. தம் முதுகு ஒடிந்து 1973-இல் ஆட்டத்தை விட்டு விலக நேர்ந்து, பின் தம் வீச்சையே புதிதாகக் கட்டியமைத்துக்கொண்டு மீண்ட டென்னிஸ் லில்லி, 1987-இல் சென்னையில் தொடங்கிய எம்.ஆர்.எஃப். பந்துவீச்சுப் பள்ளிக்கு வந்து நம் இளைஞர்களுக்குக் கற்பித்தது நமக்குக் கிடைத்த பெரும் நன்மை. வலியை அனுபவித்து அறிந்தவர் சொன்ன திருத்தம் அது. அவ்வாறே, முழங்கை மடங்கி நிமிர்வதில் பதினைந்து பாகைக்கு மேற்படலாகாது என்பது ஆட்டத்தின் சட்டம். சேலம் மாவட்டத்துச் சின்னப்பம்பட்டியில் டென்னிஸ் பந்தில் வளர்ந்த நடராஜன், 2015-இல் தமிழ்நாட்டுக்காக ஆடத் தொடங்கியதுமே அவருடைய கை சந்தேகத்துக்கு இலக்காயிற்று. பயிற்சியாளர்கள் பொறுமையோடு அவருக்கு உதவினார்கள். அவர் அதைச் சரிசெய்துகொண்டு வந்து 2020-21 ஆஸ்திரேலியப் பயணம் ஒன்றிலேயே மூன்று வகை ஆட்டங்களிலும் இந்தியாவுக்காக அறிமுகமானார். கவனிக்க வேண்டியது, சட்டம் கேட்ட அளவுக்கே அவர் கை திருத்தப்பட்டது. யார்க்கர் அவருடையதாகவே எஞ்சியது.

உடம்பைக் காக்க, சட்டத்தைக் காக்க, பந்தை அடிக்க முடியாமற்போகும் காரணத்தை நீக்க என்ற இம்மூன்று நிமித்தங்களன்றி, பிள்ளையின் உடம்பில் கை வைக்கப் பயிற்சியாளருக்கு அதிகாரம் இல்லை என்பேன். மூன்றாவதிலும் காரணம் பிள்ளையிடம்தான் இருக்கிறதா என்று முதலில் பார்க்கவேண்டும். பத்து வயதுப் பிள்ளையை 22 கஜ ஆடுகளத்தில் நிறுத்துகிறோம். ‘வளர்ந்துவிடுவான்’ என்று அண்ணனுடைய மட்டையைக் கையில் கொடுக்கிறோம். அவனைப்போன்ற இன்னொரு பிள்ளை அவ்வளவு தூரம் பந்தை எட்டச் செய்வதற்காக வானத்தில் தூக்கி எறிகிறான். அது விழுந்து தலைக்கு மேலே எழும்புகிறது. அதற்கு முன்காலில் சென்று எப்படித் தடுப்பது? பிள்ளை பின்வாங்குகிறான், ‘கால் விலகுகிறது’ என்று குற்றம் சாட்டுகிறோம். ஆஸ்திரேலியாவில் சிறுவர்களுக்கு ஆடுகளத்தின் நீளத்தையே 16 மீட்டர், 18 மீட்டர் என்று வயதுக்கேற்பக் குறைத்துவிட்டார்கள். நீளம் குறைந்தால் வீசுகிறவன் பந்தைத் தரையை நோக்கி வீசுகிறான். பந்து இடுப்புக்குக் கீழே வருகிறது. ஆடுகிறவனின் கால் ஒருவரும் சொல்லாமலே முன்னே போகிறது. ஆறு மாதக் கூச்சல் செய்யாததை ஒரு சுண்ணாம்புக் கோடு செய்துவிடும்.

‘பந்தையே பார்’ என்ற புனிதமான கட்டளையும் இப்படித்தான். 2000-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஆட்டக்காரர்களின் கண்ணசைவைப் பதிவு செய்து ஆராய்ந்தபோது, பந்து கையை விட்டுப் புறப்படுவதைப் பார்த்தவுடன் கண் அதை விட்டுவிட்டு, அது விழப்போகும் இடத்துக்கு முன்கூட்டியே தாவிச் சென்று காத்திருப்பதும், தேர்ந்த ஆட்டக்காரனின் கண் மற்றவர்களுடையதைவிட விரைவாகத் தாவுவதும் தெரியவந்தன. கண் எங்கே தாவ வேண்டும் என்பதை அது ஆயிரக்கணக்கான பந்துகளைச் சந்தித்துத் தானே கற்றுக்கொள்கிறது. பந்தில்லாத வெளியில் சிலையாக நின்று கற்பதில்லை.

மும்பை சிவாஜி பூங்காவில் ரமாகாந்த் அச்ரேக்கர் செய்தது என்ன? சச்சின் டெண்டுல்கர் சிறுவயதிலேயே மட்டைப் பிடியில் கையைக் கீழே தாழ்த்திப் பிடித்தார். புத்தகப்படி அது பிழை. அந்தப் பிடி கடைசிவரை அப்படியே இருந்தது. அச்ரேக்கரோ ஸ்டம்பின்மேல் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்து, ஆட்டமிழக்கச் செய்கிறவனுக்கு அது, ஒருவரும் செய்யாவிட்டால் சச்சினுக்கு என்றார். ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு ஒரு மைதானத்து ஆட்டம் முடிந்ததும் இன்னொரு மைதானத்துக்கு அழைத்துச் சென்றார். பிரச்சினையைக் கொடுத்தார், அதைத் தீர்க்கும் ஆசையைக் கொடுத்தார், அப்பால் நின்று பார்த்தார். நம் ஊரிலேயே, சென்னைத் தெருக்களில் டென்னிஸ் பந்தை நடுவிரலால் சொடுக்கி வீசும் பிள்ளைகளிடமிருந்து ரவிச்சந்திரன் அஸ்வின் எடுத்துக்கொண்ட ‘சொடுக்குப் பந்து’ உலகத்து மட்டையாளர்களை எல்லாம் திணறடித்ததை நாம் கண்டோமே. அதை எந்த முகாம் கற்பித்தது?

சென்ற கோடையில் என் நண்பரின் மகன், பதினொரு வயதுப் பையன், காலையில் முகாமுக்குப் போய்விட்டு மாலையில் எங்கள் தெருவில் ஆடுவதைச் சில நாட்கள் கவனித்தேன். முகாமில் பக்கவாட்டில் திரும்பிக் கால்களைச் சேர்த்து நிற்கிறவன், தெருவில் சற்று நெஞ்சைத் திருப்பி, காலைத் திறந்து நின்றான். முகாமில் மட்டையைத் தடவித் தடவி ஆடுகிறவன், தெருவில் பந்தை எல்லாப் பக்கமும் அடித்தான்.

“ஏன்டா, காலையில ஒரு மாதிரி நிக்கிற, இங்க ஒரு மாதிரி நிக்கிற?” என்று கேட்டேன்.

“அங்க இப்படி நின்னா திட்டுவாங்க மாமா. ஆனா இப்படி நின்னாதான் எனக்குப் பந்து நல்லாத் தெரியுது.”

அவனுடைய பயிற்சியாளரைப் போய்ச் சந்தித்தேன். நல்ல மனிதர், அந்தப் பிள்ளைகள்மேல் உண்மையான பிரியம் உள்ளவர். நான் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “நீங்கள் சொல்வது எனக்கும் தெரியாமல் இல்லை, சார். ஆனால் தேர்வுக்கு முந்நூறு பிள்ளைகள் வருகிறார்கள். ஒவ்வொருவனுக்கும் ஆறு பந்துதான். ஆறு பந்தில் தேர்வாளர் எதைப் பார்ப்பார்? அவன் நிற்கிற நிலையைத்தான் பார்ப்பார். நான் இவனை இப்படியே அனுப்பினால், முதல் பந்து வருமுன்பே இவன் பெயரை அடித்துவிடுவார்கள்” என்றார்.

அவருக்கு நான் மறுமொழி சொல்லவில்லை. சொல்லவேண்டியவர்கள் வேறு இடத்தில் இருக்கிறார்கள். அந்தத் தேர்வாளர்களை நான் கேட்டுக்கொள்வது இதுதான்: வரும் கோடையில் அந்த ஆறு பந்துகளை இருபதாக்குங்கள், இரண்டு நாட்கள் அதிகமாகும், ஆகட்டும். பையன் வந்து நிற்கும்போது உங்கள் கண்ணைக் குறிப்பேட்டில் வைத்துக்கொள்ளுங்கள். பந்து மட்டையில் படும் ஓசை கேட்டபின் தலை நிமிர்ந்து, பந்து எங்கே போகிறதென்று பாருங்கள்.